புகைக்கூடத்துக்கு வந்த ஹெலனும் பீட்டரும்

வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்சி மாணவர்களுக்குத் துணையாள் வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாய் வேண்டும்: அவர்கள் சொல்வதை நம் ஆட்களிடம் சொல்ல ஒன்று, நம் ஆட்கள் அவர்களைப் பற்றிச் சொல்வதைச் சொல்லாமல் மூடிக்கொள்ள இன்னொன்று. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லியே தொண்டை வறண்டுபோனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. இது நமக்குள் பேசிக்கொள்வது.

நான் சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் சின்ன துரை பங்களாவில் பிள்ளை பார்த்ததில் கொஞ்சம் இங்கிலீஷும், பாசாரில் பேரம் பேசியதில் நிறைய மலாயும் ஒட்டிக்கொண்டன. அந்தத் தகுதியை வைத்துத்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், கூட இருந்து பார்த்துக்கொள் என்று ஆபீஸில் சொன்னார்கள். வந்தவர்கள் ஹெலன், பீட்டர். இரண்டு பேரும் கல்லூரிப் பிள்ளைகள். மூன்று மாதம் தோட்டத்தில் தங்கி, காலையில் சிறுபிள்ளைகளுக்கும் சாயங்காலம் தாய்மார்களுக்கும் பாடம் நடத்தினால்தான் அவர்கள் படிப்பு முடியும். ஹெலன் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். 'ரேடியோ மாதிரியே பேசுது' என்றார்கள் லயத்து வரிசை வீடுகளில். பீட்டருக்குத் தமிழ் காதால் கேட்டு வந்தது. எது வரக் கூடாதோ அது முதலில் வந்தது.

எனக்கும் இதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. ஆயாக் கொட்டகையில் கைப்பிள்ளைகளை மட்டும்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஏழு வயதில்தான் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுகள், தாய் ரப்பர் மரம் சீவப் போன நேரம் முழுக்கச் சாக்கடைக் காண் ஓரத்தில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு திரியும். என் மகள் அமுதா அப்போது அந்த நடு வயதில் இருந்தாள். தோட்டத்து ரப்பர் பால் லாரியில் வெளியே போக ஆரம்பித்ததிலிருந்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் சும்மா கிடந்தது. மேனேஜர் அதைப் பயிற்சி மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார். மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்பேன், பிள்ளைகளோடு தாய்மாரும் படித்துக்கொண்டிருந்தால் அதைப் பாலர் பள்ளியாகவே விட்டுவிடுகிறேன், நீயே டீச்சராக இரு. இல்லாவிட்டால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு வாங்கும் உரத்தை அடுக்கிவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிவிடலாம், பிஸ்கட் போதும். தாய்மாரைக் கூட்டத்தான் என்னிடம் பிஸ்கட் இல்லை.

பால் குறைவு

முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி ஹெலன் பேசுவதாக ஏற்பாடு. தானே தமிழில் பேசிவிடுவதாகச் சொன்னதால் நான் அமுதாவை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து, "தாய்மார்களே, இந்தத் தோட்டத்தில் பால் மிகவும் குறைவாக இருப்பதைக் கண்டேன்" என்று ஆரம்பித்தாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் பால் என்றால் மரத்திலிருந்து வடிவதுதான். காப்பியில் ஊற்றுவது டின் பால், அது வேறு சாதி.

ஹெலனுக்கு அது எங்கே தெரியும்? பால் குறைந்தால் பிள்ளைகள் மெலிந்து போவார்கள் என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் கஷ்டத்தை இவ்வளவு சரியாக யாரும் மேடையில் சொன்னதில்லை. அடுத்து, நாளையிலிருந்து ஒவ்வொருவரும் இரண்டு கோப்பையாவது கூட்ட வேண்டும் என்றாள். அவ்வளவுதான், முகங்கள் மாறிவிட்டன. எங்கள் லயத்தில் எதற்கும் முதலில் வாய் திறப்பவர் அஞ்சலை அக்கா. அவர் எழுந்து, மழை பெய்தால் பால் எப்படிக் கூடும், கிழட்டு மரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. நான் நடுவில் ஓடிப்போய், மிஸ்ஸி சொல்வது மாட்டுப் பால், பிள்ளைகள் குடிப்பதற்கு என்று விளக்கினேன். அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஹெலனைப் பார்த்தார்.

"அந்தப் பாலா? மாட்டப் பத்திப் பேசுறேன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா மிஸ்ஸி? ஆபீஸ்லேர்ந்துதான் ஒன்ன அனுப்பி வச்சிருக்காங்கன்னு நெனச்சு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு லா."

தங்கச்சி வரட்டும்

பீட்டர் தமிழ் கற்றுக்கொண்ட இடம் இளவட்டங்கள் பந்து விளையாடும் திடல். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். அவன் அதை நம் ஊர் மிஸ்டர் என்று எடுத்துக்கொண்டான். மறுநாள் விடியற்காலை ஆள் பிரிக்கும் பெரட்டில், தோட்டமே வரிசையாக நிற்கும்போது, தண்டல் முனியாண்டி அண்ணனிடம் போய்க் கும்பிடு போட்டு, "வணக்கம் மச்சான்" என்றான். வேலைக்கு ஆள் பிரிக்கும் தண்டலை அவர் வயதுக்காரர்களே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வரிசையில் எல்லோரும் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பீட்டரை ஓரமாக இழுத்துப்போய், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை உள்ளவர்கள்தான் மச்சான், தண்டலுக்குத் தங்கச்சியும் கிடையாது, ஆகவே உன் தங்கச்சியை அவருக்குக் கொடுப்பதாகத்தான் அர்த்தமாகும் என்று சொன்னேன். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்கத் தண்டல் வீட்டுக்குப் போனோம். தண்டல் முறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"தங்கச்சி எப்ப வருது தம்பி? கெழங்கு உரிக்க எனக்கும் ஒரு ஆளு தேவையாத்தான் இருக்கு."

பசியாறியாச்சா?

காலையில் யாரைப் பார்த்தாலும் பசியாறியாச்சா என்று கேட்பது எங்கள் பழக்கம். பசியைப் பற்றிய கேள்வியே இல்லை அது. பீட்டர் உண்மை பேசுகிற பிள்ளை. இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டான். முதல் வீட்டில் தோசை. வெளியே வந்தால் அடுத்த வீட்டுக்காரர் அதையே கேட்கிறார். இங்கே சாப்பிட்டதைச் சொன்னால் அங்கே மரியாதைக் குறைவோ என்று நினைத்து மறுபடியும் இல்லை என்றான். மரவள்ளிக்கிழங்கு, இட்லி, பழைய மீன் குழம்பு என்று லயத்தின் கடைசி வீடு வரை போனவனை நானும் ஹெலனும் இரண்டு கையையும் பிடித்துத்தான் கூட்டி வந்தோம். இனிமேல் யார் கேட்டாலும் ஆச்சு என்று மட்டும் சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் முதலில் கேட்டவர் அஞ்சலை அக்கா. அவனும் ஆச்சு என்றான்.

"நேத்து எல்லா வீட்லயும் இல்ல இல்லன்னு தின்னுட்டு, இன்னிக்கு என் வாசல்ல வந்து ஆச்சுங்கிறியே, என் வீட்டுத் தோசையில என்ன கல்லா இருக்கு?"

பாடத்துக்கு மணி

ஆபீஸ் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியற்காலையில் அதை அடித்தால் பெரட்டு. மற்ற நேரத்தில் அடித்தால் எங்கேயோ தீ, அல்லது யாரோ காட்டில் விழுந்து கிடக்கிறார்கள். இதை எங்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, பிறக்கும்போதே தெரியும். அதனால்தான் பீட்டரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவன் புகைக்கூடத்துக்குப் பின்னால் அதே மாதிரி இன்னொரு துண்டைக் கண்டுபிடித்து, துருவைத் தேய்த்து, வாசல் கட்டையில் கட்டித் தொங்கவிட்டுச் சாயங்கால வகுப்புக்கு அடித்தான். நல்ல கணீர் என்ற சத்தம்.

தோட்டமே ஓடி வந்தது. ஆண்கள் தண்ணீர் வாளியோடு வந்தார்கள். குளித்துக்கொண்டிருந்தவர் தலையில் சோப்பு நுரையோடு வந்தார். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் பீட்டருக்கு ஒரே சந்தோஷம். எங்கே தீ என்று தண்டல் மூச்சு வாங்கக் கேட்டார். "பாடம்" என்றான் பீட்டர் சிரித்தபடி. யாரும் சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரை அங்கேயே கீழே ஊற்றிவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். தண்டல் மட்டும் நின்று, கோபமே இல்லாமல் என்னிடம் சொன்னார்.

"வாயால கூப்பிடச் சொல்லும்மா. இந்தச் சத்தத்தக் கேட்டாலே எங்களுக்குக் கை மரஞ்சீவுற கத்தியத்தான் தேடும், பென்சிலத் தேடாது."

வாரேன்

வாயால் கூப்பிடும் வேலையை ஹெலன் எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போனாள். அவள் வகுப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும், சரி மிஸ்ஸி வாரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஹெலன் பாய் போதாது என்று கோயிலில் போய் வாங்கி வந்து விரித்தாள். விளக்குக்குத் திரி மாற்றினாள். நேரம் ஆயிற்று. பாயில் இருந்தது நானும், என் மடியில் தூங்கிப்போன அமுதாவும். மறுநாளும் போய்க் கூப்பிட்டாள். மறுநாளும் எல்லோரும் வாரேன் என்றார்கள். மறுநாளும் பாயில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போன பிறகு, உங்கள் ஆட்கள் ஏன் என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் வீடுகளில் போகும்போது போறேன் என்று சொன்னால் யார் பொறுப்பார்கள்? வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அவர்கள் சொன்னது வருவதற்கு இல்லை, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புவதற்கு என்று விளக்கினேன். அப்படியானால் ஒருவர் நிஜமாகவே வருவார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். அவளை அஞ்சலை அக்காவிடமே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"வர்றதா இருந்தா வாரேன்னு ஏன் லா சொல்லப் போறோம்? வந்து நிப்போம்."

குழாயடி

வந்து நிற்க முடியாததற்குக் காரணம் இருந்தது. சாயங்காலம்தான் குழாயில் தண்ணீர் விடுவார்கள். இரண்டு லயத்துக்கு ஒரு குழாய். வாளியை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே காவல் நிற்க வேண்டும். கண்ணைத் திருப்பினால் வாளி பின்னால் போய்விடும். தண்ணீர் பிடித்த கையோடு உலை வைக்க வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். இதில் எந்த நேரத்தில் பாயில் வந்து உட்காருவது? நான்கூடத் துணையாள் வேலையைச் சாக்கு வைத்து என் வாளியை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டதால்தான் வகுப்பில் இருந்தேன். ஹெலனிடம் சொன்னேன், உனக்கு வேண்டிய அத்தனை பேரும் ஒரே இடத்தில் சும்மாதான் நிற்கிறார்கள், சண்டை போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று. அன்றைக்கே கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த நங்கா பலா மரத்தில் மாட்டினோம்.

முதல் நாள் அவள் 'அ' எழுதினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அஞ்சலை அக்கா, எழுதுவதுதான் எழுதுகிறாய், பஸ் பலகையை எழுது என்றார். அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது தெலுக் இந்தானில். மகளுக்கு அது பேறுகால மாதம். எங்களிடமிருந்து போவதென்றால் பீடோரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். போன முறை ஆள் கேட்டுக் கேட்டு ஏறியதில் தாப்பாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஊர் தெலுக் அன்சனாக இருந்த வரைக்கும் பலகையின் சாடையைப் பார்த்தே ஏறிவிடுவேன், பெயரை மாற்றித் தொலைத்துவிட்டார்கள் என்பது அவர் வழக்கு. ஹெலன் ஊர்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதினாள். T துணி காயப்போடும் கம்பம். U மரத்தில் பால் பிடிக்கும் மங்கு. K ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு அதட்டும் தண்டல். இந்தப் பெயர்களை நாங்கள் யாரும் வைக்கவில்லை, வரிசையிலிருந்தே வந்தன. தண்டல் எழுத்து வந்ததும் குழாயடியில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு வாளி நகர நகரப் பாடமும் நகர்ந்தது. அஞ்சலை அக்கா பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, பிள்ளை எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே பஸ் கதையைத்தான் சொன்னார்.

"கண்டக்டர் பையன் எங்க பாட்டி போறீங்கன்னான். பலகையில இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதாடான்னு கேட்டேன்."

மேனேஜர் வந்த நாள்

மூன்று மாதம் முடியும் வாரத்தில் மேனேஜர் சொன்னபடியே வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் எங்களிடம் மலாயில்தான் பேசுவார். சாயங்காலம் நேரே புகைக்கூடத்துக்குப் போய், வெறும் பாயைப் பார்த்துவிட்டு, எங்கே உன் தாய்மார் என்று என்னைக் கேட்டார். குழாயடிக்குக் கூட்டிப் போனேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டே சத்தமாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு நிஜமாகவே ஆச்சரியம். பாகுஸ், பாகுஸ் என்று பாராட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே மூச்சில், வகுப்பு வெளியிலேயே இவ்வளவு நன்றாக நடக்கிறது, அப்புறம் கட்டடம் எதற்கு, திங்கட்கிழமை உர லாரி வருகிறது, புகைக்கூடத்தைக் காலி செய்து வை என்றார்.

ஹெலனும் பீட்டரும் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். குழாய்க்கு நேராக வாளியை வைத்திருந்த அஞ்சலை அக்கா, என்ன சரசு சொல்றாரு என்று என்னைக் கேட்டார். துணையாள் வேலையில் அன்றைக்குத்தான் ஒரு வார்த்தைகூட மறைக்காமல் சொன்னேன். வகுப்பு இங்கேயே நல்லா நடக்குதாம், புகைக்கூடத்தில் உரம் அடுக்கப் போகிறாராம், காலையில் பிள்ளைகளுக்கு இடம் கிடையாதாம் என்று. அக்கா குழாயை மூடவில்லை. நங்கா மரத்திலிருந்து கரும்பலகையைக் கழற்றிக் குடத்தை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டு புகைக்கூடத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் நின்றவரும் நடந்தார். அதற்குப் பின்னால் நின்றவரும். எங்கள் தோட்டத்தில் இடுப்பு வலி எடுத்தாலும் வாளியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன. ஆட்கள் அத்தனை பேரும் நனைந்த கைலியோடு பாயில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். காணில் கிடந்த பிள்ளைகளும் தாயைத் தேடி உள்ளே போய்விட்டன, அமுதாவும்தான்.

முதல் வாளி நிரம்பி வழிந்து மேனேஜரின் காலில் இருந்த சப்பாத்து வரைக்கும் தண்ணீர் வந்தது. தண்ணீர் வீணாவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. பைப்பை மூடுங்கள் என்று மலாயில் சொன்னார். நானும் ஹெலனும் பீட்டரும் காதில் விழாதது போல நின்றோம். புகைக்கூடத்துப் பக்கம் திரும்பி, யாராவது வந்து மூடுங்கள் என்று தமிழிலேயே கத்தினார். உள்ளேயிருந்து அஞ்சலை அக்கா, "பாடம் நடக்குதுங்க ஐயா. நீங்க சும்மாத்தானே நிக்கிறீங்க" என்றார். மேனேஜர் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு போய்த் தானே குழாயை மூடினார். பிறகு புகைக்கூடத்து வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே K எழுத்தை விளக்க ஒருவர் எழுந்து காலை நீட்டி நின்றுகாட்டிக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தபோதும் தமிழ் அவரை விட்டுப் போகவில்லை.

"பாதி ஒரத்துக்கு, பாதி பள்ளிக்கு, நடுவுல பலகை அடிச்சுக் குடுத்துர்றேன். ஆனா நாளைலேர்ந்து பைப்ப மூடிட்டு வந்து படிக்கச் சொல்லு."

ஹெலனும் பீட்டரும் ஊருக்குப் போய், நானும் பிறகு ஈப்போவுக்குக் குடிவந்து, கையில் இன்னொரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு இதை எழுதும் இந்த நாளில், வருஷா வருஷம் அமுதாவின் பள்ளி உடுப்பு குட்டையாகிப் போவதைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட முடிவதில்லை, முதல் எழுத்தையே உர மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை வளரத்தான் செய்யும்.